மூடி வைத்த சிவப்புப் பேனா

மாலை நேரங்களில் ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 11 வருடம் ஆகிறது. ஒரு சமயத்தில் ஆறு பேர், மிஞ்சினால் எட்டுப் பேர். பெற்றோர் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது சொல்வது பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான். "நல்லா வாசிக்கிறான், ஆனா பத்தியைப் படிச்சுட்டுப் பதில் எழுத வரலை." "இலக்கணத்துலதான் மார்க் போகுது." "கதை எழுதச் சொன்னா ஒரு பக்கம்கூட வர மாட்டேங்குது." தொடக்கத்தில் நானும் இவற்றை மூன்று தனித்தனிக் குறைகளாகவே நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் தனி நோட்டு, தனி நாள், தனிப் பயிற்சி என்று பிரித்து வைத்திருந்தேன்.

அந்த நாட்களில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். அதிகம் பேச மாட்டான். ஒரு வாரம் கதை எழுதி வரச் சொன்னபோது இரண்டரைப் பக்கம் எழுதி வந்தான். மழை நாளில் ஒரு சிறுமி அப்பாவின் குடையைப் பேருந்தில் மறந்துவிட்டு இறங்கிவிடுகிறாள். வீட்டுக்குப் போகப் பயந்துகொண்டு, அதே பேருந்து திரும்பி வரும் என்று நிறுத்தத்திலேயே நிற்கிறாள். ஒவ்வொரு பேருந்தின் ஜன்னலையும் எட்டி எட்டிப் பார்க்கிறாள். எழுத்துப்பிழை ஏராளம். "நிறுத்த்தில்" என்று இருந்தது, "மலை பெய்தது" என்று இருந்தது, ஒருமை பன்மை எல்லாம் குழம்பியிருந்தது. நான் சிவப்புப் பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். ஒன்று விடாமல் வட்டம் போட்டேன். 43 வட்டங்கள். எண்ணி, மேலே எழுதியும் கொடுத்தேன். ஓர் ஆசிரியராக அன்று நான் நிறைய வேலை செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

அடுத்த வாரம் அவன் கொண்டுவந்த கதை ஒன்பது வரி. "ஒரு பையன் இருந்தான். அவன் நல்லவன். அவன் பள்ளிக்குச் சென்றான்." இப்படியே போனது. பிழை ஒன்றுகூட இல்லை. நோட்டை நீட்டும்போது, "இந்தத் தடவை தப்பே இல்லை டீச்சர்" என்றான். அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

அதற்குப் பிறகு அவன் நீளமாக எதையும் எழுதவில்லை. அந்த வருடக் கடைசியில் அவர்கள் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. பேருந்து நிறுத்தத்தில் நின்ற சிறுமிக்குக் குடை கிடைத்ததா என்று நான் அவனிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அது என்னை உறுத்துகிறது. வாசிப்பு, இலக்கணம், கதை ஆகிய மூன்றையும் நான் சொல்லிக்கொடுக்கும் விதம் அங்கிருந்துதான் மாறியது. மூன்றுமே ஒரே வேலை, ஒருவர் சொல்ல வருவது இன்னொருவருக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் வேலை. அதை விட்டுவிட்டுப் பிழையை மட்டும் பார்த்தால் பிள்ளை பிழை செய்யாமலிருக்கக் கற்றுக்கொள்வான், எழுதக் கற்றுக்கொள்ள மாட்டான்.

வாசிப்பிலிருந்து தொடங்குகிறேன்.

புதிதாக ஒரு பிள்ளை வந்தால் முதல் நாளே ஒரு சின்னச் சோதனை செய்கிறேன். அவன் வகுப்புக்கு ஏற்ற ஒரு பத்தியை அவனே படித்து, கேட்கும் கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லட்டும். பிறகு அதே அளவுள்ள இன்னொரு பத்தியை நான் வாசித்துக் காட்டுகிறேன். அவன் காதால் மட்டும் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். நான் வாசித்தபோது நன்றாகப் பதில் சொல்லி, தானே படித்தபோது திணறினால், சிக்கல் எழுத்தைக் கூட்டி வாசிப்பதில் இருக்கிறது. இரண்டிலும் திணறினால் சிக்கல் மொழியில், சொல்வளத்தில் இருக்கிறது. கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-ல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள்: வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு நூறு கேள்வி-பதில் பயிற்சி கொடுத்தும் பலனில்லாமல் போவது இதனால்தான். நான் அப்படிப் பல மாதம் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் என்னிடம் வருபவர்களில் அதிகம் பேர் வேறு வகை. தங்குதடையில்லாமல் வாசிப்பார்கள், கேள்விக்கு எழுதும் பதிலும் பல சமயம் சரியாகவே இருக்கும். ஆனாலும் ஒன்றும் புரிந்திருக்காது. அவர்களுக்காகவே ஒரு பத்தியை இட்டுக்கட்டி வைத்திருக்கிறேன்:

"பொலுங்கன் சடுமையாக மிசுக்கையைத் தெமிழ்த்தான். அதனால் மிசுக்கை நொளுவியது."

மிசுக்கையைத் தெமிழ்த்தவன் யார்? பொலுங்கன். எப்படித் தெமிழ்த்தான்? சடுமையாக. மிசுக்கை ஏன் நொளுவியது? பொலுங்கன் தெமிழ்த்ததால். மூன்றுக்கும் மூன்று மதிப்பெண். எல்லாரும் கையைத் தூக்குவார்கள். அப்புறம் நான் கேட்பேன்: "சரி, மிசுக்கைன்னா என்ன?" ஒரு நிமிடம் அமைதி, அப்புறம் ஒரே சிரிப்பு. கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடி, அந்த வரியை அப்படியே எடுத்து எழுதும் பழக்கத்தை இதைவிடச் சுருக்கமாக என்னால் காட்ட முடியவில்லை. நான் திட்டத் தேவையே இல்லை. "இத்தனை நாளா இப்படித்தான் எழுதிட்டிருந்தேனா?" என்று ஒரு மாணவி தானாகவே கேட்டாள்.

அதே பத்தியை வைத்து இன்னொன்றும் கேட்பேன். அர்த்தமே இல்லாத சொற்களுக்கு நடுவில் யார் செய்தது, எதைச் செய்தது, எப்படிச் செய்தது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒவ்வொன்றாக வரும். 'ஐ' இருந்ததால் மிசுக்கை செயப்படுபொருள். 'ஆன்' என்று முடிந்ததால் செய்தது ஓர் ஆண். 'ஆக' இருந்ததால் சடுமை என்பது செய்த விதம். அந்த இடத்தில் வேற்றுமை உருபு, விகுதி என்ற பெயர்களைச் சொன்னால் பிள்ளைகள் தலையைக் குனிவதில்லை. எதற்காக அப்படி ஒன்று இருக்கிறது என்பதை அப்போதுதான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

தமிழ்ப் பத்தியைப் புரிந்துகொள்வதில் பிள்ளைகள் விழும் குழிகள் சில உண்டு. எல்லாமே இலக்கணத்தில்தான் இருக்கின்றன. முதலாவது, எழுவாய் மறைந்திருக்கும் வாக்கியம். நான் எழுதிக் கொடுத்த ஒரு பத்தி இது:

"தாத்தா பழைய கைக்கடிகாரத்தை மேசைமேல் வைத்தார். பேரன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் பொறித்திருந்த பெயரை உரக்கப் படித்தான். கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டது யார் என்று கேட்டேன். ஆறு பேரில் நான்கு பேர் பேரன் என்றார்கள். கடைசியாகப் பார்த்த பெயர் அதுதானே. "துடைத்துக்கொண்டார்" என்பதில் கடைசி எழுத்துகளைப் பாருங்கள் என்றேன். 'ஆர்'. பேரனுக்கு 'ஆன்' வந்திருக்கிறதே. உடனே ஒருத்தி, "அப்போ தாத்தாதான்! அந்தப் பெயர் அவருக்கு வேண்டியவங்க யாரோடதோ" என்றாள். அடுத்தவன் "பாட்டியோட பெயரா இருக்கும்" என்றான். பத்தியில் பாட்டியே இல்லை. ஊகித்தறியும் விடை என்று நாம் சொல்வது இதைத்தான். ஒரு விகுதியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள்.

இரண்டாவது, சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் எதிர்மறை. 'இல்லை' என்று தனியாக வந்தால் பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள். "தெரிந்தவர்கள்", "தெரியாதவர்கள்" என்று சொல்லுக்கு நடுவில் வந்தால் கண் தாவிவிடும். "அவனுக்குத் தெரியாதவர்கள் யாரும் அந்தத் தெருவில் இல்லை" என்ற வரியை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால் பாதிப் பேர், "அவனுக்கு யாரையுமே தெரியாது" என்பார்கள். வாக்கியத்தில் இரண்டு மறுப்பு இருக்கிறது. இரண்டையும் பென்சிலால் கட்டம் போடச் சொல்கிறேன். இரண்டு கட்டம் விழுந்தால் நின்று யோசிக்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்.

மூன்றாவது, நீளச் சொல். "காத்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து" என்ற சொல்லைப் பார்த்தவுடன் பிள்ளை முதல் மூன்று எழுத்தைப் படித்துவிட்டு மீதியை ஊகிக்கிறது. ஒரு அட்டைத் துண்டால் சொல்லை மூடிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறேன். காத்து. கொண்டு. இருந்த. அவர்கள். இடமிருந்து. ஒவ்வொரு துண்டுக்கும் "இப்போ என்ன தெரியுது?" என்று கேட்பேன். காத்திருக்கிறார்கள். நடந்து முடிந்த காலம். பலர். அவர்களிடமிருந்து ஏதோ வரப்போகிறது. பத்துச் சொல்லை இப்படித் திறந்து காட்டினால் பதினோராவதைப் பிள்ளையே திறக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் சில பத்திகள் புரியாமல்தான் இருக்கும். அதற்குக் காரணம் வேறு. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், எந்தப் பத்தியைக் கொடுத்தாலும் பாதியிலேயே பார்வை நோட்டை விட்டுப் போய்விடும். ஒரு நாள் மீன்கள் செவுள் வழியாகத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதைப் பற்றிய பத்தி வந்தது. நான் முதல் கேள்வியைக் கேட்பதற்குள் அவன் பேச ஆரம்பித்துவிட்டான். "வாய் குறுகலான ஜாடியில மீன் விட்டா அது மேலயே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் டீச்சர். தண்ணி காத்து படுற இடம் குறைச்சல்ல, அதான். இந்தப் பத்தியில அதை எழுதியிருக்கலாம்." வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கிறான். அன்று அத்தனை கேள்விக்கும் அவன்தான் பதில் சொன்னான். பத்தியில் இல்லாததற்கும் சொன்னான்.

ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதையே காட்டியது. 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் அந்த ஆட்டத்தை நன்றாக அறிந்தவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அந்தப் பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டு நினைவிலும் வைத்திருந்தார்கள். "இவனுக்குப் புரியும் திறன் இல்லை" என்று ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்வதை நான் அந்த மீன் பத்தியோடு விட்டுவிட்டேன். பத்தியைக் கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம். தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் கேட்பார். ஒரே பொருளைப் பற்றி இரண்டு வாரம் தொடர்ந்து வாசிக்கவும் வைக்கிறேன். முதல் பத்தியில் முட்டிய சொல் நான்காம் பத்தியில் பழகிய முகமாகிவிடும்.

கேள்வி கேட்கும் வேலையையும் இப்போது பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டேன். பாலின்சர், பிரவுன் இருவரும் 1984-ல் எழுதிய முறை இது: பத்தியைப் பகுதி பகுதியாகப் படித்து, மாணவர்களே முறைவைத்து ஆசிரியராக உட்கார்ந்து, சுருக்கிச் சொல்வது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவுபடுத்திக்கொள்வது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. நான்கையும் ஒரே நாளில் கொண்டுவராதீர்கள். நான் கொண்டுவந்தேன், வகுப்பு சந்தை மாதிரி ஆகிவிட்டது. முதல் மாதம் கேள்வி கேட்பது மட்டும் போதும். ஒரு விதி வைத்தோம்: பத்தியில் அப்படியே பதில் இருக்கிற கேள்வியைக் கேட்டால் ஒரு புள்ளி, யோசித்தால்தான் பதில் வரும் என்ற கேள்விக்கு மூன்று புள்ளி. நல்ல கேள்வி கேட்கப் பழகிய பிள்ளைக்குப் பதில் எழுதுவது எளிதாகிவிடுகிறது.

இலக்கணத்துக்கு வருகிறேன். இங்கே எனக்குப் பிடிவாதமான கருத்து ஒன்று உண்டு. பிள்ளையின் பேச்சைத் தப்பு என்று சொல்லக்கூடாது. "பறவைங்க பறந்துச்சு" என்று அது வீட்டில் பேசுவது தப்பே இல்லை. எழுதும்போது "பறவைகள் பறந்தன" என்று ஆக வேண்டும், அவ்வளவுதான். அதனால் நாங்கள் திருத்துவதில்லை, மாற்றுகிறோம். பேசும் வாக்கியம் ஒன்றை ஒருவர் சொல்ல, மற்றவர் எழுத்துத் தமிழுக்கு மாற்றுவார். அப்புறம் திருப்பி, எழுத்துத் தமிழைப் பேச்சுக்கு மாற்றுவார். இரண்டு பக்கமும் போய் வரப் பழகினால் எது எங்கே என்று குழப்பம் இருக்காது. "ஒவ்வொரு மாணவர்களும் வந்தார்கள்" போன்றவை இந்த விளையாட்டிலேயே சரியாகிவிடுகின்றன. ஒவ்வொரு என்றால் ஒருவர் ஒருவராகத்தானே, அப்படியானால் "ஒவ்வொரு மாணவரும்" என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

வல்லினம் மிகும் இடங்களைப் பட்டியலாகக் கொடுத்த காலத்தில் யாருக்கும் ஒன்றும் நிற்கவில்லை. இப்போது முதல் வருடம் மூன்று இடம் மட்டும். 'ஐ'-க்குப் பின், 'கு'-வுக்குப் பின், அந்த-இந்த-எந்த என்பவற்றுக்குப் பின். பாடத்தை, வீட்டுக்கு, அந்த என்று முடிந்து அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் நிறுத்திப் பார். பாடத்தைப் படித்தான், வீட்டுக்குச் சென்றான், அந்தக் கதவு. பிள்ளைகளின் நோட்டுகளில் நான் பார்க்கும் சந்திப்பிழைகளில் பெரும்பங்கு இந்த மூன்றிலேயே அடங்கிவிடுகிறது. ஏன் வர வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன். "தந்த பலகை" என்றால் யாரோ கொடுத்த பலகை, "தந்தப் பலகை" என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. "வேலை கொடு" என்றால் செய்ய ஒரு வேலை கேட்கிறான், "வேலைக் கொடு" என்றால் வேல் என்ற ஆயுதத்தைக் கேட்கிறான். ஒற்று ஒன்று கூடினால் என்ன ஆகும் என்பதைப் படமாக வரையச் சொல்வேன். அந்தப் படங்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

எழுத்துப்பிழையில் எனக்கு மிகவும் கைகொடுத்தது மெய்யெழுத்துகள் சேரும் விதம்தான். "முயற்ச்சி", "பயிற்ச்சி" என்று எழுதாத பிள்ளையே இல்லை எனலாம். பெரியவர்களும் எழுதுகிறார்கள். "வளர்ச்சியில் ச் வருதே, இதுல ஏன் வரக்கூடாது?" என்று ஒருவன் கேட்டபோதுதான் நானே நன்னூலில் போய்ப் பார்த்தேன். தமிழ்ச் சொற்களில் இரண்டு மெய் அடுத்தடுத்து நிற்பதற்கு முதல் மெய்யாக ய், ர், ழ் ஆகிய மூன்றுதான் இடம் கொடுக்கும். வாய்க்கால், வளர்ச்சி, வாழ்க்கை. ற், ட் இரண்டும் அப்படி இடம் கொடுக்காது. அதனால் முயற்சி, பயிற்சி, கட்சி. சின்ன 'ர்' இன்னொரு மெய்யைப் பக்கத்தில் உட்கார வைக்கும், பெரிய 'ற்' வைக்காது என்று அந்தப் பையனே சுருக்கினான். அதை ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். அன்றிலிருந்து அந்தப் பிழை எங்கள் அறையில் அரிதாகிவிட்டது.

மூன்று ன, ண, ந குழப்பத்துக்கும் இதே வழி. சொல்லின் நடுவில் 'ட' வந்தால் அதற்கு முன் நிற்பது 'ண்', 'ற' வந்தால் 'ன்', 'த' வந்தால் 'ந்'. வண்டி, கன்று, பந்து. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று நம் முன்னோர் வைத்த பெயரிலேயே விடை இருக்கிறது. ல, ள, ழ-வுக்கு இப்படி ஒரே சாவி இல்லை. அங்கே சொற்குடும்பத்தைத்தான் நம்புகிறேன். வாழ் தெரிந்தால் வாழ்க்கை, வாழ்வு, வாழ்த்து எல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வகைப் பிழையைத்தான் எடுத்துக்கொள்வோம். அதுவும் அந்த வாரம் அவர்கள் எழுதியதிலிருந்து எடுத்தது. புத்தகத்தில் அடுத்த பாடம் எது என்று பார்ப்பதில்லை.

கதை எழுதுவதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை அதிகம்.

"கதை எழுது" என்று சொன்னால் பிள்ளைகள் பயப்படுவது கற்பனை இல்லாததால் இல்லை. எல்லையே இல்லாமல் கேட்கிறோமே, அதனால்தான். ஒரு ராஜா பிறந்து, வளர்ந்து, போருக்குப் போய், ஜெயித்து, கடைசியில் எல்லாம் கனவு என்று எழுந்து உட்காருவதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிடும். நான் கேட்கும் அளவைக் குறைத்தேன். பத்து நிமிடத்துக்குள் நடந்து முடிகிற கதை. ஒரே இடம். இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டும், அது கிடைக்காமல் ஏதோ ஒன்று தடுக்கிறது. மேசைமேல் ஒரு பொருளை வைப்பேன்: துருப்பிடித்த சாவி, ஒற்றைச் செருப்பு, பாதி கிழிந்த கடிதம். இது யாருக்கு வேண்டும்? ஏன் கிடைக்கவில்லை? அவ்வளவுதான் தொடக்கம்.

எழுதுவதற்கு முன் சொல்ல வேண்டும். இதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் கதையை வாயால் சொல்ல வேண்டும், கேட்பவர் மூன்று கேள்வி கேட்க வேண்டும். "அவன் ஏன் ஓடலை?" "அப்போ கதவு திறந்தா இருந்துச்சு?" பதில் சொல்லச் சொல்லக் கதையில் சதை ஏறும். எழுத உட்காரும்போது தாள் வெறுமையாக இருக்காது. கையெழுத்து மெதுவாக ஓடும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. சொல்ல வேண்டியது தலையில் தயாராக இருப்பதால், எழுத்துக்கூட்டுவதில் கவனம் போனாலும் கதை தொலைந்துவிடாது.

அப்புறம் உணர்ச்சிச் சொற்கள். "அவள் மிகவும் சோகமாக இருந்தாள்" என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். தோழி பேசாமல் இருப்பதைப் பற்றிய கதை. நான் அந்த வரியை அடிக்கவில்லை. "அப்போ அவளோட கை என்ன செஞ்சுட்டிருந்தது?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்: "பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள். பென்சில் விரல் அளவுக்கு வந்த பிறகும் சீவினாள்." சோகம் என்ற சொல் தேவையே இல்லாமல் போயிற்று. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் "கை என்ன செய்தது?" என்பது ஒரு வழக்காகிவிட்டது. பிள்ளைகள் ஒருவர் கதையை ஒருவர் படிக்கும்போது அவர்களே இதைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

உரையாடலில் பேச்சுத் தமிழை எழுத விடுகிறேன். கதை சொல்பவர் எழுத்துத் தமிழில், பாத்திரங்கள் அவரவர் பேசுகிற மாதிரி. முதலில் கொஞ்சம் தயங்கினேன், தேர்வில் குறைத்துவிடுவார்களோ என்று. ஆனால் இரண்டு தமிழையும் ஒரே பக்கத்தில், மேற்கோள் குறிக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று பிரித்து எழுதிய பிள்ளைகள், கட்டுரை எழுதும்போது பேச்சு வழக்கை உள்ளே விடுவது குறைந்தது. எந்தத் தமிழ் எங்கே என்று கையே பழகிவிடுகிறது. தேர்வு விடைத்தாளில் என்ன செய்வது என்பதைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

இனி, திருத்துவது. முதல் வாசிப்பில் என் கையில் பேனா இருக்காது. கதை முழுவதையும் ஒரு வாசகராகப் படித்துவிட்டு, கீழே பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதுகிறேன். அந்தக் கதையைப் படித்த எவருக்கும் வரக்கூடிய கேள்வி. "சாவியைத் தூக்கி எறிந்தபோது அண்ணன் பார்த்துவிட்டானா?" இப்படி. பிள்ளை நோட்டைத் திறந்ததும் அந்தக் கேள்விக்குத்தான் போகும். பதில் எழுதும், சில சமயம் ஒரு பத்தியே சேர்ந்துவிடும். இரண்டாவது சுற்றில்தான் பிழை. அதுவும் அந்த வாரத்துப் பிழை மட்டும். பிழை உள்ள வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பேன், எங்கே என்று காட்ட மாட்டேன். தேடிக் கண்டுபிடிப்பது பிள்ளையின் வேலை. புள்ளி வைத்த வரியில் கண்டுபிடித்துவிட்டால், அடுத்த முறை புள்ளி இல்லாத வரியிலும் தேடத் தொடங்கிவிடும். மற்றப் பிழைகள் கண்ணில் படத்தான் செய்யும். அவற்றை ஒரு தாளில் எனக்காகக் குறித்துக்கொள்கிறேன், அடுத்தடுத்த வாரங்களுக்கு அதுதான் பாடத்திட்டம். அத்தனை பிழையையும் விட்டுவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுப்பது முதல் சில மாதம் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. சில பெற்றோர், "டீச்சர் சரியாத் திருத்தலையே" என்று வந்து கேட்டார்கள். அவர்களிடம் குடைக் கதையைச் சொன்னேன். அதன் பிறகு பெரும்பாலானவர்கள் காத்திருந்தார்கள்.

மூன்றாவது சுற்று காதுக்கு. ஒருவர் எழுதிய கதையை இன்னொருவர் உரக்க வாசிக்க, எழுதியவர் சும்மா உட்கார்ந்து கேட்க வேண்டும். வாசிப்பவர் எங்கே தடுக்கி நிற்கிறாரோ அங்கே ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ஒரு சொல்லோ, ஒரு ஒற்றோ, நிறுத்தக்குறியோ. தானே தன் கதையை வாசித்தால் இல்லாததையும் சேர்த்து வாசித்துவிடுவோம். நண்பனின் வாய்க்கு அந்தச் சலுகை கிடையாது.

போன மாதம் இந்தச் சுற்றில் நடந்தது இது. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி பூனைக்குட்டியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்கும் கதை எழுதியிருந்தாள். பக்கத்துப் பையன் வாசித்துக்கொண்டே வந்தான். "மழைக்கு பிறகு" என்ற இடத்தில் ஒரு கணம் நின்றான். அவள் உடனே நோட்டைப் பிடுங்கினாள். "டீச்சர், இங்க 'கு' இருக்கு, அடுத்து 'பி' இருக்கு. ப் போடணும்ல?" போட்டாள். நோட்டை அவனிடமே திருப்பிக் கொடுத்து, "மறுபடியும் முதல்ல இருந்து படி, பூனை கத்துற இடத்துல நிறுத்தாம படி, அப்போதான் பயமா இருக்கும்" என்றாள்.

அவன் முதலிலிருந்து வாசித்தான். பூனை கத்தும் இடம் வந்தபோது அறையில் யாரும் அசையவில்லை. கட்டிலுக்கு அடியில் அம்மா குனிந்து பார்ப்பதோடு கதை முடிந்துவிட்டது. "அப்புறம்?" என்று மூன்று பேர் ஒரே சமயத்தில் கேட்டார்கள். அவள் பென்சிலைத் தேடினாள்.